கலைத்துறை முனைவர் படிப்பு: தகுதித் தேர்வில் தேறினால் 'கேண்டிடசி' வந்துவிடுமா?

2024 ஜனவரி 16 (கேள்வி)

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலை வரலாற்று முனைவர் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 'கேண்டிடசி', அதாவது ஆய்வேடு மட்டுமே மீதி என்ற வேட்பாளர் நிலை, பெற்றுவிட வேண்டும் என்று துறைக் கையேடு சொல்கிறது. மூத்த மாணவர்கள் சிலரைக் கேட்டேன். தகுதித் தேர்வில் தேறிவிட்டால் அது தானாகவே வந்துவிடும், கலைத்துறையில் யாரையும் வடிகட்டுவதில்லை, எல்லாம் வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. என் ஆய்வு தமிழ்நாட்டு நவீன ஓவியம் பற்றியது. தாய்மொழி தமிழ் என்பதால் மொழித் தேவையும் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வுக்குப் படிப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா?

2024 ஜனவரி 16, இரவு (பதில்)

சம்பிரதாயம் அல்ல, தானாகவும் வராது. 'தானாகவே' என்ற அந்தச் சொல்லை நம்பி நான் ஒரு பருவத்தை இழந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தகுதித் தேர்வு ஒரு நாளில் நடந்து முடிகிற நிகழ்ச்சி. கேண்டிடசி என்பது பல்கலைக்கழகப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும் நிலை. தேர்வைத் துறை நடத்துகிறது. நிலையை மாற்றுவது பட்டமேற்படிப்பு அலுவலகம். வாய்மொழித் தேர்வில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினீர்கள் என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பாடங்களுக்குரிய அலகுகள் நிறைந்துவிட்டனவா, குறைந்தபட்சப் பருவங்கள் பதிவு செய்து பயின்றிருக்கிறீர்களா, மொழித் தேர்வின் முடிவு கோப்பில் ஏறியிருக்கிறதா, ஆய்வேட்டுக் குழு முறைப்படி நியமிக்கப்பட்டிருக்கிறதா, முன்மொழிவு ஏற்கப்பட்டதா என்பவற்றை மட்டுமே அவர்கள் பார்க்கிறார்கள். ஒன்று குறைந்தாலும் படிவம் திரும்பிவிடும்.

எனக்குத் திரும்பி வந்தது. மே மாதம் இரண்டாம் வாரத்தில் வாய்மொழித் தேர்வு முடிந்து, குழுவினர் அனைவரும் கைகுலுக்கி, படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி மின்னஞ்சல்: முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்றில் 'இன்கம்ப்ளீட்' (பாடம் முடிக்கப்படவில்லை என்ற குறிப்பு) நிற்கிறது. அந்த செமினாருக்கு இருபத்தைந்து பக்கக் கட்டுரை தர வேண்டும். பதினெட்டுப் பக்கம் எழுதி, கோடையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி, ஆசிரியரும் பெருந்தன்மையோடு அவகாசம் கொடுத்து, பிறகு இருவருமே மறந்துபோயிருந்தோம். இப்போது அவர் ஆய்வு விடுப்பில் வெளிநாட்டில் இருந்தார். மீதி ஏழு பக்கத்தை நான்கு நாளில் எழுதிவிட்டேன். அவர் அதைப் படித்து மதிப்பெண் ஏற்றுவதற்குள் பருவம் முடிந்துவிட்டது. வசந்தத்தில் கிடைத்திருக்க வேண்டிய நிலை இலையுதிர் பருவத்தில்தான் கிடைத்தது.

ஆகவே முதல் வேலை: நாளைக் காலையில் உங்கள் மதிப்பெண் பதிவை இறக்கி, வரி வரியாகப் பாருங்கள். துறைச் செயலரிடம் கேட்டால் அலுவலகம் பயன்படுத்தும் சரிபார்ப்புப் பட்டியலையே தருவார்.

2024 ஜனவரி 17

சொற்கள் பற்றி ஒரு விளக்கம், ஏனெனில் இந்த இழையில் இருவர் தகுதித் தேர்வையே வெவ்வேறு பெயரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'குவாலிஃபையிங்', 'காம்ப்ரிஹென்சிவ்', 'பிரிலிம்ஸ்', 'ஜெனரல்ஸ்' என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர். சில துறைகளில் பிரிலிம்ஸ் என்பது முதலாம் ஆண்டின் சிறு தேர்வு. சிலவற்றில் அதுவே பெரிய தேர்வு. பெயரை விட்டுவிட்டு, எந்தப் படிவம் எந்தத் தேர்வின் முடிவைக் கேட்கிறது என்பதைக் கையேட்டில் பாருங்கள். கேண்டிடசிக்குப் பிந்தைய நிலையை எல்லோரும் 'ஏபிடி' என்கிறோம்: ஆய்வேடு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது என்று பொருள். சில பல்கலைக்கழகங்கள் இந்த இடத்தில் ஒரு பட்டமே தருகின்றன. யேல், கொலம்பியா போன்றவற்றில் எம்.ஃபில்.; கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சில வளாகங்களில் 'கேண்டிடேட் இன் ஃபிலாசஃபி'. பாதியில் படிப்பை விட நேர்பவருக்கு அது கையில் மிஞ்சும் பெரிய ஆதாரம். தேவையற்றது என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம்.

2024 ஜனவரி 19

மொழி. உங்கள் இரண்டாவது அனுமானம் இது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆய்வுக்குத் தமிழ் தேவை என்பதும், துறை கேட்கும் மொழித் தகுதி நிறைந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. கலை வரலாற்றுத் துறைகளில் பெரும்பாலும் இரண்டு மொழி கேட்பார்கள். மூல ஆவணங்களைப் படிக்கும் மொழி ஒன்று. அத்துறையின் ஆய்வு இலக்கியம் எழுதப்பட்ட மொழி இன்னொன்று. இரண்டாவது வழக்கமாக ஜெர்மன் அல்லது பிரெஞ்சு. என் துறை தமிழை முதல் வகையில் ஏற்றுக்கொண்டது; தாய்மொழி என்பதற்காக அல்ல, ஆய்வேட்டின் ஆவணங்கள் தமிழில் இருக்கின்றன என்று நெறியாளர் கடிதம் எழுதிய பிறகு. இரண்டாவதுக்கு ஜெர்மன் எழுதினேன்.

தேர்வு இப்படி இருந்தது: இரண்டு மணி நேரம், ஒரு பக்கத்துக்குச் சற்று மேற்பட்ட உரைநடை, அச்சிட்ட அகராதி வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். பேசத் தெரிய வேண்டியதில்லை. ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். என்னோடு படித்த அமெரிக்க மாணவர்கள் இதைக் கண்டு திணறினார்கள். எழுவாயைப் பிடித்துக்கொண்டு நான்கு வரி காத்திருந்து வினையைச் சந்திப்பது தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய வேலை. இந்த ஓர் அனுகூலம் நமக்கு உண்டு என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் ஒரு வருடம் பயந்து தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

பத்தியின் நடுவே 'குன்ஸ்ட்வோல்லன்' வந்தது. ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலோயிஸ் ரீகல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கலைச்சொல் அது. கலையின் விழைவு என்று தமிழில் ஒருவாறு சொல்லலாம். அகராதியில் கிடைக்காது, 'கலை' தனியாகவும் 'விழைதல்' தனியாகவும் கிடைக்கும். மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, ஓரத்தில் இரண்டு வரியில் பொருள் எழுதினேன். திருத்தியவர் அந்த இடத்தில் மட்டும் பச்சை மையில் ஒரு கோடு போட்டிருந்தார். மொழித் தேர்வு அகராதி பார்க்கத் தெரிகிறதா என்பதைச் சோதிப்பதில்லை. அந்த மொழியில் நடக்கும் உரையாடலில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சோதிக்கிறது.

இரண்டாம் ஆண்டுக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் ஆண்டில் இதற்கு நேரம் இருக்காது.

2024 ஜனவரி 19, சிறிது நேரம் கழித்து

மொழிக்கும் உதவித்தொகைக்கும் உள்ள தொடர்பை விட்டுவிட்டேன். வாஷிங்டனில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டின் ஆய்வு மையமான 'காஸ்வா' தரும் ஆய்வேட்டு உதவித்தொகைகளுக்கு, பாடங்களும் பொதுத் தேர்வும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆய்வுத் தலைப்புக்குரிய இரண்டு அயல்மொழிகளும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகவே பெரிய உதவித்தொகைகளின் வாசல் கேண்டிடசியில்தான் திறக்கிறது. இந்தியாவில் கள ஆய்வு செய்வோருக்கு 'அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ்' தரும் ஜூனியர் ஃபெலோஷிப்பும் முனைவர் பட்ட வேட்பாளர்களுக்கானது. பதினோரு மாதம் வரை. மேலே நான் சொன்ன ஏழு பக்கக் கட்டுரை எனக்கு ஒரு பருவத்தை மட்டுமல்ல, ஒரு விண்ணப்ப ஆண்டையே பறித்தது என்பதற்கு இதுதான் காரணம்.

2024 பிப்ரவரி 2

'வாசிப்புப் பட்டியல் எத்தனை நூல்கள் இருக்க வேண்டும்' என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதில் நிற்காதீர்கள். தேர்வுக்கு எனக்கு மூன்று புலங்கள்: இருபதாம் நூற்றாண்டு இந்திய நவீனம், காலனியக் காலக் கலைப்பள்ளிகளும் கைவினைக் கல்வியும், நவீனத்துவம் பற்றிய கோட்பாடுகள். முதல் வரைவில் மொத்தம் 214 தலைப்புகள். கடைசியில் நின்றவை 151.

அந்த 214ஐ நெறியாளரிடம் கொடுத்தபோது பெருமையாக இருந்தது. அவர் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். எந்த நூலையும் அவர் அடிக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்ன வளைகோடுகள், அடுத்தடுத்து வரும் மூன்று நான்கு தலைப்புகளைச் சேர்த்துப் பிடித்து, பக்கத்தில் ஒரே கேள்வி: "இவை ஏன் பக்கத்தில் பக்கத்தில்?" பதினோரு இடத்தில் அதே கேள்வி. அகரவரிசைப்படி அடுக்கியிருந்தேன் என்பதுதான் உண்மையான விடை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மூன்று வாரம் புதிதாக எதையும் படிக்காமல், ஒவ்வொரு தலைப்பையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியைப் பற்றிய தாள்கள் இரண்டாம் புலத்தில் இருந்தன. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது பற்றியவை முதல் புலத்தில் இருந்தன. ஒரு மாலையில் இவை இரண்டும் தற்செயலாக அருகருகே வந்தன. சோழமண்டலத்து ஓவியர்கள் பத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் வரைந்தார்கள். அந்தக் குழுவைத் திரட்டிய கே.சி.எஸ். பணிக்கர், ஹன்டர் தொடங்கிய அதே பள்ளியில் படித்து, பிறகு அதன் முதல்வராக இருந்தவர். கைத்தொழிலைக் கற்பிக்கத் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தவர்கள், நூறு ஆண்டுக்குப் பிறகு, ஓவியனாக இருப்பதற்காகவே கைத்தொழிலிடம் திரும்பிப் போயிருக்கிறார்கள். இது தொடர்ச்சியா, எதிர்ப்பா? என் ஆய்வேட்டின் கேள்வி அந்தத் தரையில் பிறந்தது. அதுவரை எனக்கு ஒரு தலைப்பு இருந்தது, கேள்வி இருக்கவில்லை.

எனவே பட்டியலோடு சேர்த்து ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு பக்க விளக்கக் குறிப்பு கேட்பார்களே, அதை வேலைப்பளு என்று நினைக்காதீர்கள். எந்த நூல் ஏன் இருக்கிறது, எது எதனோடு வாதாடுகிறது, எதை வேண்டுமென்றே விட்டீர்கள் என்று அதில் எழுதுகிறீர்கள். வாய்மொழித் தேர்வின் பாதிக் கேள்விகள் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

2024 பிப்ரவரி 5

இசைத்துறையில் டி.எம்.ஏ. (இசைக்கான முனைவர் நிலைப் பட்டம்) செய்கிறவர், தனக்கும் கேண்டிடசி இப்படித்தானா என்று கேட்டதற்கு: உங்கள் பாதை வேறு. அங்கே பட்டத்துக்குரிய கச்சேரிகள் தேவைகளின் பகுதி. அவற்றில் எத்தனை கேண்டிடசிக்கு முன்பு முடிய வேண்டும் என்பதைப் பள்ளிக்குப் பள்ளி வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். இசை வரலாறு, இசைக் கோட்பாடு இரண்டிலும் எழுத்துத் தேர்வு பெரும்பாலும் உண்டு. உரையும் வாசிப்பும் சேர்ந்த கச்சேரி ஒன்று ஆய்வேட்டின் இடத்தையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துக்கொள்வதும் உண்டு. எனக்குப் பழக்கமான துறை அல்ல என்பதால் இதற்கு மேல் அறிவுரை சொல்லவில்லை, ஒன்றைத் தவிர. அரங்கம் கிடைக்கும் தேதியையும் குழுவினர் நேரில் வரக்கூடிய தேதியையும் சேர்த்துப் பிடிப்பது தேர்வைவிடக் கடினம் என்று என் வீட்டுத் தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓராண்டு முன்பே அரங்கைக் குறித்து வைத்தவர் அவர்.

2024 பிப்ரவரி 6

ஓவியப் பயிற்சியோடு முனைவர் பட்டம் செய்ய நினைப்பவருக்கு. அமெரிக்காவில் ஓவியம், சிற்பம் போன்ற செய்முறைக் கலைகளுக்கு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) பட்டத்தையே இறுதிப் பட்டமாகக் கொள்கிறார்கள். கலை ஆசிரியர்கள், கலை வரலாற்றாளர்களின் அமைப்பான காலேஜ் ஆர்ட் அசோசியேஷன் 1977இல் ஏற்ற தரநிலைகளும் அதையே சொல்கின்றன. செய்முறையும் ஆய்வும் இணைந்த முனைவர் படிப்புகள் குறைவு, ஆனால் உண்டு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு, கோட்பாடு, விமரிசனம் ஆகியவற்றுக்கான முனைவர் படிப்புக்குள்ளேயே கலைச் செயல்பாட்டுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. இத்தகைய இடத்தில் படைப்பையும் எழுத்தையும் ஒரே குழு ஒன்றாகப் பார்க்கும். படைப்புக்கு அடிக்குறிப்பாக எழுத்தோ, எழுத்துக்குப் படவிளக்கமாகப் படைப்போ அமைந்துவிட்டால் கேள்விகள் அங்கேதான் விழும்.

இன்னொன்று: முதுகலைப் படிப்புக்கும் 'அட்வான்ஸ்மென்ட் டு கேண்டிடசி' என்றே படிவம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கேண்டிடசித் தேவை நான்கே வரியில் இருப்பதைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அது முதுகலைக்கு உரியதாக இருக்கலாம்.

2024 பிப்ரவரி 20

திருத்தம். கட்டணம் பற்றிய பக்கத்து இழையில், கேண்டிடசி பெற்றபின் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் கூடுதல் கட்டணம் பட்டம் பெறும்வரை இருக்காது என்று எழுதியிருந்தேன். அது தவறு. நான் நினைவில் வைத்திருந்தது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அமைப்பின் விதி. அங்கே அந்தக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 15,102 டாலர். கேண்டிடசி பெற்றவருக்கு அது முழுவதும் தள்ளுபடி ஆகிறது, ஆனால் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு மட்டும். பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த மூன்று ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் கட்டணம் திரும்ப வந்துவிடும்.

இதன் பொருளை யோசித்தால், என் முந்தைய அறிவுரையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கேண்டிடசி பெறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு மூன்று பருவக் கட்டணம் உள்ள காலாண்டு முறையில் ஒரு பருவம் தாமதித்தால் 5,034 டாலர் போகிறது என்பது சரிதான். ஆனால் கேள்வி உருவாகாத நிலையில் அவசரமாகப் போய், மூன்று ஆண்டுக் கடிகாரத்தை ஓட விட்டு, முதல் ஆண்டை முன்மொழிவைத் திரும்ப எழுதுவதில் செலவிட்டால் மறுமுனையில் அதே பணம் போகும். உதவித்தொகையில் படிப்பவருக்கு அந்தக் கட்டணத்தைத் துறை ஏற்கிறதா என்பதையும் கேளுங்கள். ஏற்கிறது என்றால் துறைத் தலைவர் உங்களை விரட்டுவதன் காரணமும் புரியும்.

2024 பிப்ரவரி 21

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு முடிவுத் தேதியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். தாமதத்துக்குக் கல்வி சார்ந்த அல்லது மருத்துவக் காரணம் இருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்து கண்காணிப்பில் வைக்கப்பட்டதால் ஏற்பட்ட தாமதத்தை விதி ஏற்பதில்லை. தலைப்பு மாற்றம், எதிர்பாராத ஆய்வுச் சிக்கல் போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். எனவே குழு உங்கள் முன்மொழிவைத் திருத்தச் சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 11

குழு அமைப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான்கு பேர் என்பது பரவலான அளவு. அவர்களில் ஒருவர் துறைக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்ற விதியும் பரவலானது. தேர்வை நடத்தும் குழுவும் ஆய்வேட்டைப் படிக்கும் குழுவும் சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் வேறு. தேர்வுக்கு வந்த வெளி உறுப்பினர் ஆய்வேட்டிலும் தொடர்வார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது, கேட்டுவிடுங்கள்.

வெளி உறுப்பினரைக் கடைசியில் தேடுபவர்கள் பலர். பெயர் அளவுக்கு ஒருவரைப் பிடித்தால் போதும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. மானுடவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் அரை மனத்தோடுதான் போனேன். கைவினைஞர்களின் சம்பளக் கணக்கைப் பார்க்காமல் கைவினை பற்றி எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டார். ஓவியங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கணக்குப் புத்தகம் தேட வைத்தது அந்தக் கேள்வி. இன்று என் மூன்றாம் இயல் முழுவதும் அதன் மேல் நிற்கிறது. துறைக்குள் இருக்கும் மூவரில் ஒருவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்.

2024 மார்ச் 12

கேண்டிடசிப் படிவத்தின் கையெழுத்துகள் பல இடங்களில் மின்னணு முறையில் வரிசையாகத்தான் போகும். ஒருவர் திறக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகாது. படிவம் யாரிடம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

2024 ஏப்ரல் 4

இன்னொரு திருத்தம். வாழும் ஓவியர்களை நேர்காணல் செய்வதாக இருந்தால் கேண்டிடசிக்கு முன் ஐ.ஆர்.பி. (மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) ஒப்புதல் கட்டாயம் என்று முன்பு பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தேன். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட கூட்டரசு விதியில், குறிப்பிட்ட தனிமனிதர்களைப் பற்றியே தகவல் திரட்டும் வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு, வரலாற்றாய்வு போன்றவை 'ஆராய்ச்சி' என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஓர் ஓவியரிடம் அவர் வாழ்க்கையையும் படைப்பையும் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இதில் அடங்கும். ஐம்பது கைவினைஞர்களிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பொதுமுடிவு காண முயல்வது அடங்காது.

ஆனாலும் நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். ஒரு பக்க விண்ணப்பம் அனுப்பி, 'இது எங்கள் பரிசீலனைக்கு உட்பட்டதல்ல' என்ற கடிதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். எழுபது வயதைக் கடந்த ஓவியர் ஒருவர், தன் கடன்களைப் பற்றி மனம் திறந்து பேசிய பிறகு, இதை எங்கே எழுதப் போகிறாய் தம்பி என்று என்னைக் கேட்டார். அலுவலகக் கடிதம் அந்தக் கேள்விக்கு விடை அல்ல. ஒலிப்பதிவை எழுத்தாக்கி அவரிடமே படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற இரண்டு பத்திகளை நீக்கினேன்.

2024 மே 22

நேற்று தேர்வு முடித்த மாணவி ஒருவர் தனிச்செய்தியில் அழுதபடி எழுதியிருந்தார். நிபந்தனையோடு தேர்ச்சி: ஒரு புலத்தில் மட்டும் திரும்ப எழுத வேண்டும். தோல்வி என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி அல்ல. பெரும்பாலான இடங்களில் தேர்வை இரண்டாம் முறை எழுத அனுமதி உண்டு. பகுதியாகத் திரும்ப எழுதுவது அதைவிட மிகச் சிறிய விஷயம். யாரையும் வடிகட்டுவதில்லை என்று இழையின் தொடக்கத்தில் சொன்னதற்கும் இதுவே பதில். வடிகட்டுகிறார்கள், அதைப் பற்றி யாரும் பொதுவெளியில் பேசுவதில்லை என்பதால் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

என் வாய்மொழித் தேர்வு இரண்டு மணி பத்து நிமிடம் நடந்தது. முதல் கேள்வி: "இந்தப் பட்டியலில் ஒரு நூலை நீக்கச் சொன்னால் எதை நீக்குவீர்கள்?" இரண்டாம் புலத்தில் நானே விரும்பிச் சேர்த்த ஒன்றைச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். அதிலிருந்து நாற்பது நிமிடம் போனது. நடுவில் ஒருவர் திரையில் ஒரு ஓவியத்தைக் காட்டினார். நான் பார்த்திராதது. யாருடையது என்று ஊகிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தெரியாது என்று சொல்லிவிட்டு, கண்ணில் படுவதைச் சொல்லத் தொடங்கினேன்: கோடு நிறத்துக்கு முன்பு போடப்பட்டதா பின்பா, எழுத்துப் போலத் தெரிபவை படிக்க முடிகிற எழுத்தா, பரப்பு துணியா தாளா. சொல்லிக்கொண்டு வரும்போதே அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்ததாக இருக்க முடியும் என்பது பிடிபட்டது. பிறகு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் இருபது நிமிடம், அறிவிப்புப் பலகையில் இருந்த பழைய கண்காட்சிச் சுவரொட்டியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய பதிலை இங்கேயும் வைக்கிறேன்: திரும்ப எழுதச் சொன்ன புலத்தின் விளக்கக் குறிப்பை எடுத்து, குழுவினர் கேட்ட கேள்விகளை அதன் ஓரத்தில் நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள். இன்றே. ஒரு வாரம் போனால் அவர்கள் சொன்னது மறந்து, உங்களுக்கு வலித்தது மட்டும் நினைவில் நிற்கும்.

2024 செப்டம்பர் 9

முன்மொழிவை முதலில் எழுதுங்கள், அதற்கேற்பப் பட்டியல் அமையும் என்று வேறோர் இழையில் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். பிப்ரவரிக் குறிப்பைத் திரும்பப் படித்தபோது, என் அனுபவமே அதற்கு எதிராக இருப்பது தெரிகிறது. தேர்வுக்கு முன்பு முன்மொழிவைக் கேட்கும் துறையில் இருப்பவர், பட்டியலைத் தரையில் பரப்பிப் பார்த்த பிறகு அதை எழுதட்டும். தேர்வுக்குப் பின்பு கேட்கும் துறையில் இருப்பவர், ஒரு பருவத்துக்கு மேல் ஆறப்போட வேண்டாம். படித்தது சூடாக இருக்கும்போது பதினைந்து பக்கம் எழுதுவது, ஆறு மாதம் கழித்து ஐந்து பக்கம் எழுதுவதைவிட எளிது.

2024 அக்டோபர் 3

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஜெர்மன் கோடையில் முடிந்துவிட்டது, வினைச்சொல்லுக்குக் காத்திருப்பது கஷ்டமாக இல்லை என்கிறார். மிகவும் மகிழ்ச்சி. மதிப்பெண் பதிவைப் பார்த்ததில் இன்கம்ப்ளீட் எதுவும் இல்லை. ஆனால் இந்தியாவில் முடித்த முதுகலையிலிருந்து மாற்ற வேண்டிய இரண்டு பாடங்கள் இன்னும் ஏறவில்லையாம். தேர்வுக்கு ஏழு மாதம் இருக்கிறதே, பொறுக்கலாமா என்கிறார்.

பொறுக்க வேண்டாம். மதிப்பெண் சான்றிதழ் மட்டும் போதாது. அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த பாடத்திட்டத்தின் நகலைக் கேட்பார்கள், வகுப்பு நேரம் எத்தனை என்பதையும் கேட்பார்கள். பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுத்து முத்திரையிட்டுத் தர உங்கள் முந்தைய கல்லூரிக்கு வாரங்கள் ஆகும், நடுவில் தேர்வு விடுமுறை வரும். உங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியருக்கு இன்றைக்கே எழுதுங்கள். அவரிடம் நகல் இருக்க வாய்ப்பு அதிகம், அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். வந்ததும் துறையின் பட்டமேற்படிப்பு ஆலோசகர் வழியாக அனுப்புங்கள்; நேராக அலுவலகத்துக்கு அனுப்பினால் துறையின் ஒப்புதல் கேட்டு அது மறுபடி உங்களிடமே வரும்.